ஆளில்லா நிறுவலும் முன்விடையும்

கணினியோடு பழகியோர் பலரும் கண்டிருக்கக்கூடிய நிலை ஒன்றுண்டு. மாலையில் ஒரு மென்பொருளை நிறுவுமாறு கட்டளையிட்டுவிட்டு வீடு செல்வர். காலையில் வந்து திரையை நோக்கினால், வேலை தொடங்கிய பத்தாம் நிமிடத்திலேயே பொறி ஒரு வினாவை எழுப்பி, விடை தருவார் எவருமின்றி இரவு முழுவதும் காத்திருந்தமை புலனாகும். 'தொடரலாமா? ஆம், இல்லை' என்பதே பெரும்பாலும் அவ்வினா. ஓரெழுத்தை அழுத்த ஆளில்லாமையால் ஓரிரவு வீணாகும். அவ்வினா ஏன் எழுகின்றது, ஆளில்லாத வேளையில் அதற்கு விடை எங்ஙனம் கிடைக்கின்றது, அவ்விடை யாருடையது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன. மூன்றாவது வினாவே இவற்றுள் அரியது.

இக்காலத்து மென்பொருள் எதுவும் ஒற்றைக் கல்லாற் செதுக்கிய சிலையன்று. பலர் பலவிடத்திருந்து செய்தளித்த சிறுசிறு கூறுகளை அடுக்கி எழுப்பிய கட்டடம். ஒரு கூறு திகதியைக் கணிக்கும். மற்றொன்று தரவுத்தளத்தோடு பேசும். பிறிதொன்று எழுத்துகளை ஒழுங்குபடுத்தும். இக்கூறுகளையே மொடியூல் என்றும், இவற்றைக் கட்டி அனுப்பும் மூட்டையைப் பொதி என்றும் வழங்குவர். ஒரு கூறு வேலை செய்ய வேண்டுமெனின் அது சார்ந்து நிற்கும் வேறு பத்துக் கூறுகளும் முன்னரே இருத்தல் வேண்டும். அப்பத்தும் தத்தமக்கு வேண்டியவற்றைக் கேட்கும். ஆகவே ஒன்றை நிறுவப் புகுந்தார் நாற்பதை நிறுவி முடிப்பது வழக்கம். அந்நாற்பதிலும் இடையிடையே சில, தம்மை ஆக்கியோர் தீர்மானிக்க மாட்டாத செய்திகளை நிறுவுவோரிடம் கேட்கின்றன. எந்த அடைவில் வைப்பது, எந்தக் கடவுச்சொல்லை ஏற்பது, பழைய அமைப்பை அழிப்பதா காப்பதா என்பன போன்ற அவ்வினாக்கள் வீண் வினாக்கள் அல்ல. பொறிக்குத் தெரியாததும் மனிதனுக்கு மாத்திரமே தெரிந்ததுமாகிய ஒன்று அங்கே உண்டு என்பதற்கு அவை அடையாளம்.

கணினி மனிதனோடு வினாவிடையாடும் இவ்வழக்கம் தொன்றுதொட்டு வந்ததென்று இளைஞர் கருதுதல் இயல்பு. உண்மை வேறு. 1956ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். 704 என்னும் பொறிக்காக ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தாரும் நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தாரும் சேர்ந்து ஆக்கிய பணிசெயல் முறைமை, வேலைகளை வரிசையாக ஏற்று ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதற்கே பிறந்தது. வேலையைக் கொடுப்போர் தம் தீர்மானங்கள் யாவற்றையும் முன்கூட்டியே எழுதி ஒப்படைத்துவிட்டு அகல்வர். இடையில் எவரும் எதனையும் கேளார். மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1961இல் நேரப்பகிர்வு முறைமை காட்டப்பட்ட பின்னரே, மனிதன் முனையத்தின் முன்னமர்ந்து பொறியோடு உரையாடுதல் மெல்ல மெல்லப் பொதுவழக்காயிற்று. எனவே ஆளில்லா நிறுவல் புதுமையன்று; முன்னோர் கைக்கொண்ட ஒழுங்குக்கு மீள்வதேயாகும். முன்னர் வேலையை ஒப்படைத்தவனே தீர்மானங்களையும் எழுதினான். இன்றோ தீர்மானங்கள் எவை என்பதனையே பலர் அறியாமல் வேலையை ஒப்படைக்கின்றனர்.

இப்பொருளை அம்பாறைக் கரையோரத்தில் வைத்து நோக்குதல் தகும். மருதமுனையிலிருந்து தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் இடையறாது தொடரும் நெடுங்கரை இது. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெருகிவாழும் இக்கரையிலேதான், தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் யாழ்நூல் தந்தவருமாகிய விபுலாநந்த அடிகள் 1892இல் காரைதீவிற் பிறந்தார். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்துள்ளது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகின்றது. கல்முனையைச் சூழ்ந்த பாடசாலைகள் பலவற்றிலும் கணினி ஆய்வுகூடங்கள் உள. இவ்வாய்வுகூடங்களைப் பேணுவோர் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ ஆவர். அவர்களுள்ளும் பலர் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களே. முப்பது கணினிகள் கொண்ட ஓர் ஆய்வுகூடத்தில், ஒவ்வொன்றும் எட்டு முறை வினவுமெனக் கொண்டால், 240 வினாக்களுக்கு ஒருவர் நாற்காலி நாற்காலியாக நகர்ந்து விடையளித்தல் வேண்டும். நூற்றெழுபதாவது வினாவை அவர் படித்துப் பார்த்து விடையளிப்பார் என்று எவரும் நம்பார். ஆகையால் இவ்வூர்களில் ஆளில்லா நிறுவல் சோம்பேறியின் விருப்பமன்று, ஆட்பற்றாக்குறையின் விளைவு.

இனி ஒரு மொழியின் கூறுகளை எடுத்து, வினாக்கள் எழும் விதத்தைச் சற்று நுணுகிக் காண்போம். லாரி வோல் என்பார் 1987இல் வெளியிட்ட பேர்ள் மொழிக்கு, சீபான் என்னும் பொதுக் களஞ்சியம் 1995இல் திறக்கப்பட்டது. இன்று இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கூறுகள் அதில் உள. அக்களஞ்சியத்திலிருந்து கூறுகளைக் கொணரும் கருவியை முதன்முறை இயக்குவோரிடம் அது தன்னைப்பற்றியே பல வினாக்களைக் கேட்கும். பழைய பதிப்புகளில் எந்தக் கண்டம், எந்த நாடு, எந்தப் படிமத்தளம் என்பது வரை நீண்ட விசாரணை நிகழும். பிற்காலத்தில் அவ்விசாரணை சுருங்கி, இயன்றவற்றைத் தானே அமைத்துக்கொள்ளலாமா என்னும் ஒரு வினாவாயிற்று. ஆயினும் மற்றொரு வினா எஞ்சிநின்றது. ஆளுநர் உரிமையின்றி நிறுவ முயல்வோரிடம், கூறுகளை அவர்தம் சொந்த அடைவில் வைப்பதா, உரிமையை உயர்த்திப் பொது அடைவில் வைப்பதா, அன்றித் தாமே கையால் ஒழுங்கு செய்வாரா என்று கருவி கேட்கும். விடை தராவிடின் சொந்த அடைவு என்பதே கொள்ளப்படும்.

தனி மனிதனின் கணினிக்கு அது நல்விடை. ஆய்வுகூடத்துக்கோ தீவிடை. நிறுவியவர் தம் கணக்கில் நுழைந்து சோதித்தால் யாவும் செவ்வனே இயங்கும். மறுநாள் மாணவர் தம் கணக்கில் நுழைந்தால் கூறு காணப்படவில்லை என்னும் செய்தியே வரும். பொறி பொய் சொல்லவில்லை, பிழையும் செய்யவில்லை. கேட்டதற்கு விடை வராமையால், தன்னை ஆக்கியோர் எங்கோ இருந்து நினைத்த பொதுவிடையைக் கொண்டது. அப்பொதுவிடையையே இயல்பு விடை என்கின்றோம். 'மௌனம் சம்மதம்' என்பது நம் வழக்கு. ஆளில்லா நிறுவலில் மௌனம் சம்மதமாவது உண்மை. எதற்குச் சம்மதம் என்பதுதான் மௌனம் காத்தவருக்குத் தெரியாது.

பேர்ள் உலகில் இம்மௌனத்தை முறைப்படி அறிவிக்க ஒரு வழியுண்டு. ஒவ்வொரு கூறும் தன் வினாக்களை, மேக்மேக்கர் என்னும் பொதுக் கருவியின் வினவற் பணி வாயிலாகக் கேட்பது மரபு. 'பேர்ள் எம்எம் யூஸ் டிபோல்ட்' என்னும் சூழல் மாறிக்கு ஒன்று என்னும் பெறுமானத்தைக் கொடுத்துவிட்டால், அவ்வினவற் பணி எவரையும் நோக்காது இயல்பு விடையைத் தானே எடுத்துக்கொண்டு நகரும். இயல்பு விடையே குறிக்கப்படாத வினாவாயின் வெறுஞ்சரமே விடையாகும். இது பலர் கவனியாத இடம். தரவுத்தளக் கடவுச்சொல் யாது என்னும் வினாவுக்கு வெறுஞ்சரம் விடையாகச் செல்வதும், வலையமைப்புச் சோதனைகளையும் நடத்தலாமா என்னும் வினாவுக்கு வேண்டாம் என்று செல்வதும் ஒருதன்மையன அல்ல. சார்புக் கூறுகளைக் கேளாமலே தொடர்ந்து நிறுவுக என்பதற்கு வேறோர் அமைப்பு உண்டு. அதனைப் 'பின்தொடர்' என்று மாற்றிச் சேமித்தல் வேண்டும். தட்சுஹிகோ மியகாவா 2010இல் வெளியிட்ட சீபான்மைனஸ் என்னும் சிறு கருவியோ இவற்றையெல்லாம் தொடக்கத்திலேயே மேற்கொண்டு, வாய்திறவாமல் வேலை செய்யும். அன்றியும், அது கால எல்லையையும் உடன் வைத்தது: ஆயத்தத்துக்கு 60 வினாடி, கட்டுதற்கு 3,600 வினாடி, சோதனைக்கு 1,800 வினாடி. மரபை மீறித் தனக்கேயுரிய வழியில் வினா எழுப்பும் கூறு ஒன்று இடையே இருப்பினும், இரவு முழுவதும் நில்லாது, எல்லை கடந்ததும் அக்கூறு தோற்றதாக எண்ணப்படும். கால எல்லை வைத்தது அக்கருவியின் பெருஞ்சிறப்பென்பது எம் கருத்து. காத்திருத்தலைவிடத் தோற்றல் நன்று. தோல்வி குறிப்பேட்டில் எழுதப்படும், காத்திருத்தல் எழுதப்படுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு குறுக்குவழியைப் பற்றிச் சொல்லாதிருத்தல் இயலாது. யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில், 1979இலேயே, 'யெஸ்' என்றொரு சிறு செய்நிரல் இருந்தது. அதன் தொழில் ஒன்றே: நிறுத்தும் வரை 'ஆம்' என்பதன் முதலெழுத்தை வரிவரியாக எழுதிக்கொண்டேயிருத்தல். அதன் வெளியீட்டை நிறுவற் கருவியின் வாயிற் குழாய்போல் இணைத்துவிட்டால், எவ்வினாவுக்கும் ஆம் என்ற விடை உடனே சென்றுவிடும். இவ்வுபாயத்தை மாணவர்க்குக் கற்பிப்போரும் உளர். எந்த அடைவில் வைப்பது என்று கேட்கும் வினாவுக்கும் அவ்வொற்றை எழுத்தே விடையாகப் போகும். அப்பெயரால் ஓர் அடைவு பிறக்கும். பழைய தரவை அழிக்கலாமா என்பதற்கும் அதுவே விடை. இக்கரையிலிருந்து மத்திய கிழக்குக்குத் தொழில் நாடிச் செல்வோர், தம் காணி, வங்கிக் கணக்கு முதலியவற்றைப் பார்க்குமாறு உறவினர் ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதிக் கொடுத்தல் நாமறிந்ததே. எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பது அவ்வுறுதியில் வரையறுக்கப்பட்டிருக்கும். காணியின் எல்லையைக்கூடக் குறியாது, எத்தாள் வரினும் கையொப்பமிடுக என்று எழுதிக் கொடுப்பார் எவருமிலர். 'யெஸ்' என்னும் செய்நிரலைக் குழாயிணைப்பது அத்தகைய உறுதியே.

வினாக்களை ஒழுங்குபடுத்துவதில் எம் மதிப்பைப் பெரிதும் பெறுவது டெபியன் இயங்குதளத்தார் கண்ட முறை. ஜோயி ஹெஸ் என்பார் ஆக்கிய டெப்கொன்ப் என்னும் ஏற்பாட்டில், பொதிகள் தாமாகத் திரையில் எழுதி வினவுவதில்லை. தம் வினாக்களை ஒரு பொது ஏட்டிற் பதிவு செய்யும். கேட்பதோ கேளாமல் விடுவதோ டெப்கொன்பின் பொறுப்பு. ஒவ்வொரு வினாவுக்கும் தாழ்ந்தது, நடுத்தரமானது, உயர்ந்தது, இன்றியமையாதது என நான்கனுள் ஒரு தரம் உண்டு. இன்ன தரத்துக்குக் கீழ்ப்பட்டவற்றை என்னிடம் கேளாதே என்று நிறுவுவோர் சொல்லலாம். முற்றாகவே கேளாதே எனின் 'டெபியன் புரொன்ட்எண்ட்' என்னும் சூழல் மாறிக்கு 'நொன்இன்டராக்டிவ்' என்னும் பெறுமானத்தைத் தரலாம். வினாவும் விடையும் ஏட்டில் இருத்தலால், வினா எழுமுன்னரே விடையை அவ்வேட்டில் எழுதி வைத்தலும் கூடும். இதுவே முன்விடை. மருதமுனைத் தறிகளில் நெய்வோர் சேலையின் நெடுக்குக் கோடுகளின் நிறத்தைப் பாவு ஓட்டும்போதே தீர்த்துவிடுகின்றனர். நாடா ஓடத் தொடங்கிய பின்னர் அதனைக் கேட்பதில்லை. முன்விடையும் அத்தன்மைத்து.

முன்விடை எழுதாமல் வெறுமனே வாயை அடைத்தால் நேர்வதற்கு நேர வலயம் நல்ல சான்று. புதிதாக ஆக்கப்படும் சிறு அமைப்புகளில் நேர வலயப் பொதி நிறுவப்படும்போது, எந்தக் கண்டம், எந்த நகர் என்று கேட்கும். ஆசியா, கொழும்பு என்பது நம் விடை. ஆளில்லா முறையிற் கேளாது விடின் உலகப் பொதுநேரமே கொள்ளப்படும். இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. கல்முனை ஏறத்தாழ 81.8 பாகை கிழக்கு நெட்டாங்கில் உள்ளது; நம் நேரத்தை நிர்ணயிக்கும் 82.5 பாகைக் கோட்டுக்குச் சற்று மேற்கே. ஆதலின் அங்கே சூரியன் உச்சிக்கு வருதல், ஆண்டுச் சராசரியாக, 12 மணி கடந்து மூன்று நிமிடம் அளவில் நிகழும். பருவத்துக்கேற்பக் கால்மணி வரை முன்பின்னாகும். தொழுகை நேரங்களைக் கணித்துக் காட்டும் பலகை ஒன்றை இவ்வூர்களில் ஒரு பள்ளிவாசலுக்காக மாணவர் ஆக்குகின்றனர் எனக் கொள்வோம். கணிதம் முழுதும் சரியாக இருந்தும், வலய வினாவுக்கு விடை எழுதாமையால், உச்சிப்பொழுதைப் பலகை காலை 6 மணி 33 நிமிடம் என்று காட்டும். இத்துணைப் பெரிய பிழை உடனே கண்ணிற் படும். ஆயின் அதே பிழை வருகைப் பதிவேட்டையோ பரீட்சை விடைத்தாள் ஒப்படைத்த நேரத்தையோ எழுதும் கணினியின் உள்ளே ஒளிந்திருப்பின், வழக்கு எழும் வரை எவரும் அறியார்.

நேர வலயம் மாறாப் பொருள் என்று எண்ணுவோர்க்கு நம் நாட்டு வரலாறே மறுமொழி. 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஆறரை மணியாக முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாயிற்று. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணிக்கு வந்தது. வெறும் ஐந்தரை மணி என்று முன்விடையில் எழுதாமல் கொழும்பு என்று ஊர்ப்பெயரை எழுதும் வழக்கம் ஏன் என்பது இதனால் விளங்கும். ஊர்ப்பெயரைக் கொண்ட கணினிக்கு இம்மாற்றங்கள் யாவும் தெரியும்; எண்ணைக் கொண்ட கணினிக்குத் தெரியா.

டெப்கொன்பை மௌனமாக்கிவிட்டால் எல்லாம் மௌனமாகும் என்பதும் தவறான நம்பிக்கை. அதன் கீழே டீபீகேஜி என்னும் பழைய அடித்தளக் கருவி தனக்கென ஒரு வினாவை வைத்திருக்கின்றது. ஒரு பொதியின் அமைப்புக் கோப்பை நீங்கள் கையால் திருத்தியிருக்க, புதிய பதிப்பும் வேறொரு கோப்பைக் கொணருமாயின், உம்முடையதை வைத்திருப்பதா, புதியதை ஏற்பதா என்று அது கேட்கும். இவ்வினா டெப்கொன்பின் வழி வருவதன்று. ஆதலின் முற்கூறிய சூழல் மாறி இதனைத் தடுக்காது. முனையம் இணைக்கப்படாத வேளையாயின் வினாவுக்கு விடை இன்மையால் நிறுவல் பிழையோடு முறியும். பழைய கோப்பையே காக்க என்பதனைத் தனியே ஒரு தெரிவாகக் கட்டளையிற் சேர்த்தல் வேண்டும். அங்ஙனம் சேர்ப்பின், திருத்திய உழைப்பு அழியாது. ஆயின் புதிய பதிப்புக் கொணர்ந்த பாதுகாப்புத் திருத்தம் அக்கோப்பில் இருந்திருப்பின் அது ஏறாமற் போகும். இரண்டனுள் எது மேல் என்பதற்குப் பொதுவிடை இல்லை. அவ்வவ் ஆய்வுகூடமே தீர்த்தல் வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளப் பொதியின் முந்திய பதிப்புகள் சிலவற்றில், ஆளில்லா முறையிற் கடவுச்சொல் கேட்கப்படாது, தலைமைக் கணக்கு வெற்றுக் கடவுச்சொல்லோடு நிறுவப்பட்டுவிடும். கதவுக்குப் பூட்டு வேண்டுமா என்று வீட்டாரைக் கேளாது கட்டடக்காரன் திறந்தே விட்டுச் சென்றதுபோன்றது அது.

வின்டோஸ் கணினிகளே மிக்குள்ள ஆய்வுகூடங்களில் இப்பிரச்சினை தலைகீழாக வரும். பவர்ஷெல் என்னும் கட்டளை மொழியில் ஒரு கூறை மைக்ரோசொப்ற் நடத்தும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நிறுவப் புகுந்தால், இக்களஞ்சியம் நம்பத்தக்கதாகக் குறிக்கப்படவில்லை, தொடரலாமா என்று கேட்கும். அதற்கு இயல்பு விடை 'இல்லை' என்பதே. பேர்ளில் மௌனம் சம்மதம். இங்கே மௌனம் மறுப்பு. இம்மறுப்பைத் தாண்டப் பலரும் கையாள்வது 'போர்ஸ்' என்னும் வலிந்து செய்விக்கும் தெரிவு. அது நம்பிக்கை வினாவுக்கு மாத்திரம் விடையாகாது. அதே பதிப்பு ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுதவும் செய்யும். ஒரு சொல்லால் இரு வினாக்களுக்கு விடை சொல்லிவிட்டோம் என்பதனை அதனைத் தட்டச்சிட்டவர் அறியார். செம்மையான வழி, அக்களஞ்சியத்தை நம்புகின்றோம் என்பதனைத் தனிக்கட்டளையால் முதற்கண் பதிந்துவிட்டுப் பின்னர் நிறுவுதல். நம்பிக்கை அப்போது ஒரு தீர்மானமாக ஏட்டில் நிற்கும். வலிந்து புகுந்ததன் பக்கவிளைவாக இராது.

கிழக்கிலங்கையின் சூழலுக்கேயுரிய மற்றொரு சங்கடமும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திலர். இரவில் ஆளின்றி ஓடும் நிறுவல், ஆளின்றியே அறுபடும். டீபீகேஜி இடையில் அறுந்தால், அடுத்தமுறை எதனையும் நிறுவ மறுத்து, எஞ்சிய பொதிகளை அமைத்து முடிக்குமாறு ஒரு கட்டளையைச் சுட்டிக்காட்டும். அதனைக் காலையில் முப்பது கணினியிலும் தட்டச்சிடுவதாயின் இரவு செய்த வேலையின் பயன் யாது? ஆதலால் ஆளில்லா நிறுவலுக்கென எழுதப்படும் கட்டளைக் கோவை, எத்தனை முறை மீள ஓடினும் ஒரே முடிவைத் தருவதாகவும், தொடங்கும்போதே அறுபட்டதைப் பொருத்திக்கொண்டு முன்செல்வதாகவும் அமைதல் வேண்டும். முன்னர் நிறுவியதை மீண்டும் நிறுவ முயலாது, விட்ட இடத்திலிருந்து தொடர்தல் வேண்டும். முப்பது கணினிகளும் ஒரே பொதியை முப்பது முறை இணையத்திலிருந்து இறக்குவதும் வீண். ஆய்வுகூடத்து ஒரு கணினி இறக்கியதைச் சேமித்து வைத்து மற்றையவற்றுக்கு வழங்க, டெபியனுக்கு அப்ற்-கேஷர்-என்ஜி என்னும் இடைத்தேக்கம் உண்டு. பேர்ள் கூறுகளின் அண்மைப் பதிப்புகளை மாத்திரம் படியெடுத்து வைக்க மினிசீபான் உண்டு. தரவுக்குப் பணம் செலுத்தும் பாடசாலைக்கு இவை சிறு உதவியல்ல.

கேளாமல் ஏற்பதன் எல்லை எங்கே என்பதை உலகம் அண்மையில் ஒருநாளிற் கற்றது. 2024 யூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு புதுப்பிப்பு, எவரையும் கேளாது ஏறி, 85 இலட்சம் வின்டோஸ் கணினிகளை முடக்கிற்றென மைக்ரோசொப்ற் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் தடுமாறின. ஆளின்றி ஏறிய அப்பிழையைப் பெரும்பாலான பொறிகளில் ஆளின்றி இறக்க முடியவில்லை. ஒருவர் ஒவ்வொரு பொறியின் முன்னும் அமர்ந்து அக்கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. முப்பது கணினிகளிலும் ஒரே இரவில் ஏற்றுமுன் ஒன்றில் ஏற்றி ஒருநாள் பார்த்தல் வேண்டும் என்பதும், கூறின் பெயரோடு அதன் பதிப்பெண்ணையும் முன்விடையில் எழுதுதல் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். பதிப்பெண் குறியாத முன்விடை, அன்றைய களஞ்சியத்தில் எது உளதோ அதற்கெல்லாம் சம்மதம் ஆகும்.

அவ்விடை யாருடையது என்னும் வினாவுக்கு இனி வரலாம். ஆளில்லா நிறுவல் என்னும் பெயர் நம்மை மயக்குகின்றது. ஆள் இல்லாதது நிறுவும் வேளையில் மாத்திரமே. தீர்மானிக்கும் வேளையில் ஓர் ஆள் இருந்தேயாதல் வேண்டும். அவ்வாள் ஆய்வுகூட ஆசிரியராக இருக்கலாம். அன்றேல் எங்கோ இருந்து இயல்பு விடையை எழுதிய அந்நியராக இருக்கலாம். மூன்றாமவர் இல்லை. நம் பாடசாலைகளில் இவ்வறிவு எழுத்தில் இருப்பது அரிது. ஒருவர் நினைவில் இருப்பதே பெரும்பான்மை. அவ்வாசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், எக்கணினியில் எவ்வினாவுக்கு என்ன விடை கொடுக்கப்பட்டது என்பதும் அவரோடு செல்லும். 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலாய ஊர்களின் கரையோரங்கள் அழிந்தன. அப்பேரழிவின் முன் கணினியைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. ஆயினும் கடலை அடுத்து வாழும் நிறுவனங்கள், பொறிகள் யாவும் ஒருநாளிற் போனால் அவற்றை எதனைக்கொண்டு மீள ஆக்குவோம் என்று எண்ணிப் பார்க்கும் கடப்பாடு உடையன. புதுப்பொறியை நன்கொடையாகப் பெறலாம். பழைய விடைகளை நன்கொடையாகப் பெற இயலாது.

டெபியன் கணினி ஒன்றில் ஏற்கெனவே தரப்பட்ட விடைகளையெல்லாம் ஒரு கோப்பாகப் படித்தெடுக்க, டெப்கொன்ப் துணைக்கருவிகளுள் ஒரு கட்டளை உண்டு. அக்கோப்பை மற்றொரு கணினியின் ஏட்டில் எழுதுதற்கும் ஒரு கட்டளை உண்டு. இயங்குதளத்தையே ஆளின்றி நிறுவுதற்கும் இத்தகைய முன்விடைக் கோப்பு ஒன்றை நிறுவிக்குக் கொடுக்கலாம். அந்நிறுவி தமிழிலும் வினவ வல்லது. நல்ல தமிழ்ப் பெயர்ப்பை வருந்திச் செய்தளித்தோர் உளர். ஆளில்லா முறையில் அத்தமிழ் வினாக்களைக் கேட்பார் எவருமிலர் என்பது ஒரு வேடிக்கை. ஆகவே முன்விடை எழுதப் புகுமுன், மாணவர் சிலரை அமர்த்தி ஒரு கணினியில் மட்டும் வினாக்கள் யாவற்றையும் தமிழிலேயே எழவிட்டு, ஒவ்வொன்றையும் படித்து, இதற்கு நம் விடை யாது, ஏன் என்று விவாதித்துக் குறித்துக்கொள்ளச் செய்தல் பயனுடைத்து. அக்குறிப்பையே கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் மேலே விளக்கமாக எழுதலாம். வரியின் தொடக்கத்தில் சதுரக் குறியிட்டால் பொறி அதனை வாசியாது, மனிதர் வாசிப்பர்.

கடவுச்சொற்களைப் பொறுத்த வரையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். முன்விடைக் கோப்பு வெற்றெழுத்தில் இருப்பது. எவர் கையிற் கிடைப்பினும் படிக்கத்தக்கது. டெபியன் நிறுவி, பயனர் கடவுச்சொல்லுக்குப் பதிலாக அதன் மறைகுறி வடிவத்தை ஏற்கும்; அவ்வடிவத்தையே கோப்பில் இடுதல் வேண்டும். தரவுத்தளம் முதலியவற்றின் கடவுச்சொற்களைக் கோப்பில் எழுதாது, நிறுவல் முடிந்தபின் கையால் மாற்றி, முத்திரையிட்ட உறையில் அதிபரின் பெட்டகத்தில் வைத்தல் தகும். கோப்பின் ஒரு படி ஆய்வுகூடத்திலும், மற்றொன்று கரையிலிருந்து சற்று உள்ளே, சம்மாந்துறை போன்ற ஊரில் உள்ள வேறொரு நிறுவனத்திலும் இருக்கட்டும்.